பஞ்சம் வந்தால் புனித மிருகத்தை அறுப்பார்களா? – கற்பனை உலக மதங்கள் பற்றிய விவாத இழை

ஜூன் 3 – வாசகர் கேள்வி

மிகுபுனைவு நாவல் ஒண்ணு எழுதிட்டிருக்கேன். ஏழு தெய்வம், ஆளுக்கொரு புனித மிருகம்: கழுகு, ஓநாய், பாம்பு, மான், எருது, ஆந்தை, வெள்ளைப் புலி. கொடியில இருக்கு, கோயில் தூண்ல இருக்கு, ராஜா மோதிரத்துல இருக்கு. படிச்சுப் பார்த்த நண்பர்கள் "மிருகத்தையெல்லாம் எடுத்துட்டாலும் கதை அப்படியேதான் இருக்கும்"ங்கிறாங்க. புனித மிருகம்னா ஒரு சின்னம்தானே? அதுக்கு மேல என்ன வேணும்?

ஜூன் 3, இரவு

உங்க நண்பர்கள் பொய் சொல்லலை. லாரிக்குப் பின்னால ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி வெள்ளைப் புலியை ஒட்டி வெச்சிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க உலகத்துல பஞ்சம் வந்தா அந்த எருதை அறுப்பாங்களா? அறுத்தா யார் கையால? அறுக்கக் கூடாதுன்னா பட்டினியில முதல்ல சாகப்போறது யார் வீட்டுப் பிள்ளை? பதில் உங்ககிட்ட இருந்தா மதம் இருக்கு. இல்லைன்னா கொடி மட்டும்தான் இருக்கு.

ஜூன் 4, காலை

"உதாரணம் இல்லாம பேசாதீங்க"ன்னு ஒருத்தர் கோவிச்சுக்கிட்டார். சரி, குளோராந்தா.

தெரியாதவங்களுக்காக: கிரெக் ஸ்டாஃபோர்டுன்னு ஒரு அமெரிக்கர் 1966-ல காலேஜ் படிக்கும்போது புராணக் கதைகளா எழுத ஆரம்பிச்ச உலகம் இது. 1975-ல பலகை விளையாட்டா வந்துச்சு. 1978-ல ரூன்குவெஸ்ட்ங்கிற பாத்திரமேற்பு விளையாட்டுக்குக் களமாச்சு – ஒருத்தர் கதையை நடத்த, மத்தவங்க சுத்தி உக்காந்து ஆளுக்கொரு பாத்திரமாப் பேசி ஆடுறது. இன்னிக்கும் ஆடுறாங்க. மந்திரமும் வாளும் எல்லா உலகத்துலயும் கிடைக்கும். இதுல வழிபாடுதான் முதுகெலும்பு. உங்க பாத்திரம் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுதுங்கிறதை வெச்சுத்தான் அதுக்கு என்ன வரும், வராதுன்னே முடிவாகும்.

அதுல பிராக்ஸ்னு ஒரு வறண்ட சமவெளி. பெரும் இருள் காலத்துல எல்லாம் அழிஞ்சு, புல்லைத் தவிர ஒண்ணுமே மிஞ்சலை. மனுஷன் புல்லைத் தின்ன முடியாது. வாஹான்னு ஒரு தெய்வம் – புயல் எருதுக்கும், மந்தைகளின் தாயான ஐரிதாவுக்கும் பிறந்தவன் – ஒரு உடன்படிக்கை போடுறான். ஒவ்வொரு மனுஷக் கூட்டமும் ஒவ்வொரு மிருகக் கூட்டத்தோட போட்டி போடணும். தோத்தவங்க அறிவை இழந்து புல்லைத் தின்னணும். ஜெயிச்சவங்க, தோத்தவங்களைத் தின்னலாம், ஆனா காலம்பூரா காப்பாத்தணும்.

பைசன், இம்பாலா, சேபிள் மான், உயர லாமா – எல்லாப் போட்டியிலயும் மனுஷன் ஜெயிச்சுட்டான். ஒண்ணே ஒண்ணுல தோத்துட்டான். மோரோகாந்த்னு ஒரு இனம், நீண்ட மூக்கு வெச்ச டேப்பிர்ங்கிற மிருகத்தோட சாயல்ல இருக்கும். அதுங்க ஜெயிச்சதால, அதுங்க மனுஷனை மேய்க்குது. பிராக்ஸ் சமவெளியில இன்னிக்கும் மோரோகாந்த் மந்தையில ரெண்டு கால் மிருகங்கள் புல் மேயும். பேச்சு கிடையாது, அறிவு கிடையாது. மத்த கூட்டத்துக்காரங்க "அதுங்க ஏமாத்தித்தான் ஜெயிச்சுது"ன்னு இன்னும் புலம்புறாங்க. ஆனா உடன்படிக்கை உடன்படிக்கைதான்.

ஜூன் 4, மதியம்

"மனுஷ மந்தையெல்லாம் சும்மா அதிர்ச்சிக்கு வெச்சது"ங்கிற பதிலைப் பார்த்தேன். அதை எடுத்துட்டு யோசிச்சுப் பாருங்க. மிச்சம் இருக்கிறது என்ன? 'எங்களுக்குப் பைசன் புனிதம், அதை நாங்க திங்குறோம்'. வசதியான ஏற்பாடு. எல்லாருமே ஜெயிச்ச பக்கம் உக்காந்துகிட்டு நன்றி சொல்றோம். தோத்த பக்கத்துல நம்ம மூஞ்சி ஒண்ணு இருக்கும்போதுதான் அந்த ஒப்பந்தத்தோட எடை தெரியுது.

ஜூன் 4, இரவு

எங்க குழுவுல நடந்ததைச் சொல்றேன். கோவையில மொட்டை மாடியில உக்காந்து ஆடுவோம், நான்தான் கதை நடத்துறவன். இம்பாலா கூட்டத்துப் பொண்ணா ஆடிட்டிருந்த தோழிக்கு, கதையில ஒரு வறட்சியில மோரோகாந்த் முகாம்ல விருந்தாளியாத் தங்க வேண்டி வந்துச்சு. தண்ணிக் குழிக்குப் பக்கத்துல மந்தை கட்டியிருக்கு. அதுல ஒருத்தன் குனிஞ்சு தண்ணி குடிச்சிட்டு நிமிர்ந்து இவளைப் பார்க்கிறான்னு சொன்னேன்.

"பேசுவானா?"

"பேச மாட்டான்."

"பேச வராதா, பேச மறந்துட்டானா?"

நான் பதில் சொல்லலை. மிக்சர் தட்டுல போன அவ கை அங்கேயே நின்னுடுச்சு. பக்கத்துல பைசன்காரனா ஆடினவன், "விடு, அது மாடுதான், சட்டப்படி மாடு"ன்னான். அவ திரும்பி, "அப்ப உன் பைசன் யாரு?"ன்னு கேட்டா. அவன்கிட்டப் பதில் இல்லை. அன்னிக்கு ராத்திரி ஒரு சண்டைக் காட்சி தயார் பண்ணி வெச்சிருந்தேன், அது நடக்கவே இல்லை. அடுத்த தடவை தன் மந்தையில ஒரு இம்பாலாவை அறுக்க வேண்டி வந்தப்போ, சடங்கை முழுசாச் செய்யணும்னு அவளே கேட்டா. அதுவரைக்கும் எல்லாரும் 'அறுத்தோம், தின்னோம், அடுத்து'ன்னு தாண்டிப் போயிட்டிருந்த இடம் அது.

ஜூன் 6

அந்தச் சடங்கு என்னன்னு கேட்டிருக்காங்க. வாஹா கத்துக்கொடுத்த அமைதியான அறுப்பு. மிருகத்தோட உயிர் வழி தவறாம தாய் ஐரிதாகிட்டத் திரும்பிப் போய், மறுபடி மந்தையில பிறக்கணும். சடங்கில்லாம கொன்னா அந்த உயிர் திரும்பாது, மந்தை தேயும். பக்தியும் கணக்குவழக்கும் ஒரே கத்தியில இருக்கு.

இதுல இருக்கிற தர்க்கம் கற்பனை உலகத்துக்கு மட்டும் சொந்தமில்லை. ஜப்பானோட வடக்குல ஹொக்கைடோ தீவு ஐனு மக்கள்கிட்ட இயோமாந்தேன்னு ஒரு சடங்கு இருந்துச்சு. கரடிங்கிறது கரடி வேஷத்துல விருந்துக்கு வந்த தெய்வம். குட்டியைப் பிடிச்சுட்டு வந்து ஊருக்குள்ள வளர்ப்பாங்க. ரொம்பச் சின்னக் குட்டின்னா பெண்கள் தாய்ப்பால் கொடுத்ததும் உண்டு. ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சுக் கொன்னு, பரிசுப் பொருளோட தெய்வ உலகத்துக்குத் திருப்பி அனுப்புவாங்க. தோலும் இறைச்சியும் விருந்தாளி விட்டுட்டுப் போற அன்பளிப்பு. நல்லா உபசரிச்சு அனுப்பினா திரும்பவும் வருவார். 1955-ல ஹொக்கைடோ நிர்வாகம் இதைக் காட்டுமிராண்டித்தனம்னு சுற்றறிக்கை விட்டுத் தடுத்துச்சு, 2007-ல அந்தச் சுற்றறிக்கையைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க.

தாய்ப்பால் கொடுத்தவளுக்கு அந்த அறுப்பு நாள் எப்படி இருந்திருக்கும்? நாவல் எழுதுறவர் இந்த ஒரு இடத்துல நின்னு யோசிச்சாலே போதும், ஏழு மிருகம் தேவைப்படாது.

ஜூன் 6, இரவு

"அப்ப மிருகத்துக்காக மனுஷன் கொடுக்கிற விலையை அதிகமா வெச்சா மதம் நம்பும்படி ஆயிடுமா?" நல்ல கேள்வி. நான் மேல சொன்னதைப் படிச்சா அப்படித்தான் தோணும். ஆனா அதே குளோராந்தாவுல அதுக்கு எதிர் உதாரணம் இருக்கு: செவ்வௌவால். சிவப்பு நிலா தேவியோட பேரரசு வெச்சிருக்கிற ராட்சச வௌவால். அதுக்கும் தனி வழிபாட்டுக் கூட்டம் இருக்கு. தீனி மனுஷங்கதான். பிடிச்சுட்டு வந்து போட்டுக்கிட்டே இருக்கணும். விலைன்னு பார்த்தா இதுக்கு மேல விலை கிடையாது.

ஆனா எங்க குழுவுல யாருக்கும் அது புனிதமாத் தோணினதே இல்லை. பயம் வந்துச்சு, ஓடினாங்க, அவ்வளவுதான். பைசனுக்கு வர்ற மரியாதை வௌவாலுக்கு வரலை. ஏன்னு ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன். வௌவால் கேக்கும், வாங்கிக்கும், திருப்பி எதுவும் தராது. பைசன் விஷயத்துல ரெண்டு பக்கமும் கடன் இருக்கு. மேய்ச்சல் தேடித் தரணும், ஓநாய்கிட்ட இருந்து காக்கணும், செத்தா அனுப்பி வைக்கணும். அது பால், தோல், கறி, சவாரி எல்லாம் தரும். விலையைவிட இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் முக்கியம்னு இப்ப தோணுது. வௌவால் பேரரசோட ஆயுதம். அதுக்கு முன்னாடி பூசாரியை நிறுத்தினாலும் ஆயுதம்தான்.

(வௌவால் ரசிகர்கள் திட்டுவீங்கன்னு தெரியும். திட்டுங்க.)

ஜூன் 8

பக்கத்து ஊரை மறந்துடாதீங்க. உங்க நாவல்ல ஏழு தெய்வத்துக்கும் ஊர் முழுக்க ஒரே மாதிரி மரியாதை. அப்படி எங்கயும் நடக்காது.

பிராக்ஸ்ல குதிரையைக் கண்டாலே காறித் துப்புவாங்க. வாஹாவோட உடன்படிக்கையில குதிரைக்கு இடமில்லை, அதனால அது வெளியாள். பக்கத்து மலைநாட்டு ஒர்லாந்தி மக்கள் குதிரை ஏறுவாங்க, ஆனா அவங்க வீட்டுல நாய்க்குப் பதிலா அலின்க்ஸ்ங்கிற பெரிய பூனை. பூனைத் தெய்வம் யின்கின், புயல் தெய்வம் ஒர்லாந்துக்கு ஒரே தாய் வயித்துச் சகோதரன். அதனால பூனை சொந்தக்காரன். வேட்டைக்கும் கூட வரும், ஆட்டு மந்தையையும் ஓட்டும். வீட்டுல பூனை வளர்க்கிற யாரும் இதை நம்ப மாட்டாங்க. எங்க வீட்டுப் பூனை ஆட்டு மந்தையை ஓட்டாது, கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பார்க்காது.

தெல்மோரிகள்னு இன்னொரு கூட்டம், ஓநாய்தான் அவங்க ரத்த சொந்தம். சாபத்தால வாரத்துல ஒரு நாள் அவங்களே ஓநாயா மாறிடுவாங்க, விரும்பினாலும் விரும்பாட்டாலும். அந்த நாட்டு ராஜ வம்சம் அவங்களையே மெய்க்காவலா வெச்சிருந்துச்சு. அரண்மனைக்கு அது பெருமை. பக்கத்துல ஆடு மேய்க்கிறவனுக்கு? ஓநாயைக் கொன்னா ராஜாவோட ஆளைக் கொன்ன குத்தம். கொல்லாம விட்டா ஆட்டுக்குட்டி போச்சு. உங்க ஓநாய்த் தெய்வத்துக்கு இப்படி ஒரு ஆட்டுக்காரன் வேணும். அவனுக்குப் பேர் வெச்சு, கடனும் வெச்சுக் கொடுங்க.

ஜூன் 8, சற்று நேரம் கழித்து

"நிஜத்துல மிருகத்துக்காகப் பக்கத்து ஊரோட சண்டை போட்டிருக்காங்களா?"ன்னு கேட்டவருக்கு: எகிப்து. கி.பி. முதல் நூற்றாண்டுல, தன் காலத்துலயே நடந்ததுன்னு கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வெச்சிருக்கார். ஆக்சிரிங்கஸ்ங்கிற ஊருக்கு நீள மூக்கு மீன் புனிதம். சினோபோலிஸ்காரங்களுக்கு நாய் புனிதம். நாய் ஊர்க்காரங்க அந்த மீனைத் தின்னுட்டாங்க. மீன் ஊர்க்காரங்க நாயைப் பிடிச்சுப் பலி கொடுத்துத் தின்னுட்டாங்க. சண்டை முத்தி, ரோமானியர் வந்து தண்டிச்சுத்தான் அடங்குச்சு.

அதுக்கு முந்தைய நூற்றாண்டுல டியோடோரஸ்ங்கிற கிரேக்க வரலாற்றாசிரியர் எகிப்துல இருந்தப்போ ஒரு ரோமானியன் கை தவறி ஒரு பூனையைக் கொன்னுட்டான். எகிப்து அரசு ரோமோட தயவுக்காக ஏங்கிட்டிருந்த சமயம். ராஜா அதிகாரிகளையே அனுப்பிக் கூட்டத்தைக் கெஞ்சிப் பார்த்தார். ரோம்ங்கிற பயமும் நிறுத்தலை, தெரியாம நடந்ததுங்கிறதும் நிறுத்தலை. அடிச்சே கொன்னுட்டாங்க. கண்ணால பார்த்தேன்னு சொல்றார் அவர்.

இதை நாவல்ல எழுதினா "மிகைப்படுத்தல்"னு விமர்சனம் வரும்.

ஜூன் 9

ஆந்தைத் தெய்வத்தை எடுத்துட்டேன்னு கேள்வி கேட்டவர் சொல்லியிருக்கார். ஆந்தைக்கு வருத்தமே இருக்காது, ராத்திரி டூட்டி குறைஞ்சுச்சு.

ஜூன் 11

"எகிப்து, ஜப்பான், அமெரிக்கக் கற்பனை... நமக்குக் கிட்டக்க ஒண்ணும் இல்லையா"ன்னு ஒரு அண்ணன் ஆதங்கப்பட்டிருக்கார். நந்தி, மயில்னு நான் எழுதுவேன்னு எதிர்பார்க்கிறார்னு நினைக்கிறேன். வாகனங்களைப் பத்தி எல்லாருக்கும் தெரியும், அதுல இருந்து உங்க நாவலுக்கு வரப்போறது இன்னொரு சின்னம்தான். மந்தையே மதமா இருக்கிற இடம் வேணும்னா நீலகிரிக்குப் போங்க. தோடர்கள்.

எருமையில சாதாரண மந்தை வேற, புனித மந்தை வேற. புனித மந்தையோட பாலை அப்படியே குடிச்சிட முடியாது. பால்மனைக்குள்ள பூசாரி கடைஞ்சு மோரும் நெய்யுமா மாத்தின பிறகுதான் மத்தவங்க தொட முடியும். கோயிலும் அதுதான், பால் கடையிற இடமும் அதுதான். பால்மனைகளுக்குள்ள படிநிலை வேற உண்டு. மேல போகப் போக மந்தையும் புனிதம், பூசாரிக்குக் கட்டுப்பாடும் அதிகம். 1901-02-ல ரிவர்ஸ்ங்கிற ஆங்கிலேய ஆய்வாளர் அங்க இருந்து விவரமாப் பதிவு பண்ணியிருக்கார். அன்னிக்கு உச்சியில இருந்த பால்மனைப் பூசாரி பதவியில இருக்கிறவரைக்கும் மனைவியோட வாழக் கூடாது. முடி வெட்டக் கூடாது, நகம் வெட்டக் கூடாது. பாலத்து வழியா ஆத்தைக் கடக்கக் கூடாது, தண்ணியில இறங்கித்தான் போகணும். சாதாரண ஆள் கை பட்டுட்டா பதவியே போச்சு.

பாலத்துல போகக் கூடாதுங்கிறதைக் கவனிச்சீங்களா? வெள்ளைக்காரன் பாலம் கட்டிக் கொடுத்திருக்கான், எல்லாரும் மேல நடந்து போறாங்க, ஊர்லயே உயர்ந்த ஆள் மட்டும் இடுப்பளவு குளிர்தண்ணியில இறங்கிப் போறார். ஊட்டிக் குளிர்ல. கற்பனை மதம் எழுதுறவன் இந்த மாதிரி ஒரு விதியைத் தானா கண்டுபிடிச்சா அன்னிக்குப் பூரா சந்தோஷமா இருக்கலாம்.

ஜூன் 12

தோடர் பத்தி எழுதினதுக்கு வந்த பதில்ல ஒரு தோழி கேட்டது சரியான இடத்துல குத்துது: "விலையைப் பூசாரி கொடுக்கிறார்னு சொல்றீங்க. பால்மனைப் பக்கமே போகக் கூடாத பெண்கள்?"

ஆமா. பால்மனை வேலையில அவங்களுக்கு இடமில்லை, போக வர வழியிலகூடக் கட்டுப்பாடு இருந்துச்சு. பூசாரி பதவிக் காலத்துக்குக் கொடுக்கிறார், கௌரவம் கிடைக்குது. பெண்களுக்குப் பிறப்புலயே எழுதிட்டாங்க, கௌரவமும் கிடையாது.

குளோராந்தாவைத் திரும்பப் பார்க்கிறேன். பிராக்ஸ்ல மந்தையைப் பெருக்குற ஐரிதா வழிபாடு பெண்கள் கையில. அறுக்கிற வாஹா வழிபாடு ஆண்கள் கையில. மேலோட்டமாப் பார்த்தா சமமாப் பிரிச்ச மாதிரி தெரியும். ஆனா எந்த மிருகம் எப்ப சாகணும்னு முடிவு பண்றது யாருங்கிற கேள்வியை எங்க குழுவுல அந்த இம்பாலாக்காரி கிளப்பினப்போ, ஒரு மாலைப் பொழுது முழுக்க அந்த ஒரு வாக்குவாதமே ஓடுச்சு. புத்தகத்துல பதில் தேடாதீங்கன்னு சொல்லிட்டேன். கடைசியில, கத்தி ஆண் கையில, ஆனா கயித்தை அவிழ்த்துக் கொடுக்கிறது பெண்ணுன்னு எங்க ஆட்டத்துக்குள்ள ஒரு வழக்கம் வந்துச்சு. அவ அவிழ்க்கலைன்னா அறுப்பு இல்லை. இது எங்க மேஜை வழக்கம்தான். குளோராந்தாவுல இப்படி இருக்குன்னு போய் யார்கிட்டயும் சண்டை போடாதீங்க.

ஜூன் 15

ஒருத்தர் பூசாரிகள் எல்லாம் ஏமாத்துக்காரங்கன்னு ஒரே வரியில முடிச்சிருக்கார். மிகுபுனைவுல இது தேய்ஞ்ச பாதை, மூணாவது அத்தியாயத்துல போலிப் பூசாரி அம்பலமாவார். நிஜம் இதைவிட விசித்திரமா இருக்கு.

எகிப்துல காணிக்கைக்காக மிருக மம்மி வாங்கிச் செலுத்துவாங்க. அதுக்குன்னே பூனை வளர்த்து, சின்ன வயசுலயே கழுத்தைத் திருகியிருக்காங்க. பூனையைக் கொன்ன ரோமானியனை அடிச்சுக் கொன்ன அதே நாடு. மான்செஸ்டர்ல ஸ்கேன் பண்ணிப் பார்த்த 800-க்கும் மேற்பட்ட மிருக மம்மிகள்ல கிட்டத்தட்ட மூணுல ஒண்ணுக்குள்ள மிருகமே இல்லைன்னு 2015-ல செய்தி வந்துச்சு. சேறு, குச்சி, முட்டை ஓடு, நாணல். மோசடின்னு உடனே சொல்லத் தோணும். ஆய்வாளர்கள் அவ்வளவு அவசரப்படலை. மிருகத்தோட ஒரு துணுக்கு, கூடு, அது கிடந்த இடத்து மண்ணு பட்டாலே புனிதம்னு நினைச்சிருக்கலாம்ங்கிறாங்க.

எனக்குப் பிடிச்சது அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஆள். துணியைச் சுத்திட்டிருக்கிற தொழிலாளி. இன்னிக்குப் பூனை பத்தலை, திருவிழா நாளைக்கு. நாணலை வெச்சுச் சுத்துறான். மந்திரத்தையும் முழுசாச் சொல்றானா, இல்லையா? இவனை ஏமாத்துக்காரனா எழுதிட்டா ஒரு பக்கத்துல தீர்ந்து போவான். நம்பிக்கையோட ஏமாத்துறவனா எழுதினா நாவல் முழுக்க வருவான்.

அந்தப் பூனைகளுக்கு நடந்ததையும் சொல்லிடுறேன். எகிப்துல பெனி ஹசன்ங்கிற இடத்துக்குப் பக்கம் 1888-ல தோண்டி எடுத்த மம்மிகள்ல சுமார் 19 டன்னை லிவர்பூலுக்குக் கப்பல்ல ஏத்தி, 1890-ல ஏலம் போட்டு, உரமா வித்துட்டாங்க. ஒரு லட்சத்து எண்பதாயிரம் பூனை இருக்கும்னு கணக்கு.

ஜூன் 19

கேள்வி கேட்டவர் புது வரைவை அனுப்பியிருந்தார். எருதும் ஓநாயும் மட்டும் இருக்கு. எருதை அறுக்கக் கூடாது, ஆனா வயசான எருதை மலைக்கு மேல விட்டுட்டு வரணும்னு ஒரு வழக்கம் வெச்சிருக்கார். மேல ஓநாய் இருக்கு. ஓநாய்த் தெய்வத்தைக் கும்பிடுறவங்க அடுத்த ஊர். நல்லா இருக்கு. ஒரே ஒரு குறை: எருதை ஓட்டிட்டுப் போற பையனுக்கு அங்க என்ன நடக்கும்னு தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. தெரியணும். ஊர்ல எல்லாருக்கும் தெரியணும். தெரிஞ்சும் "மலைக்குப் போயிருக்கு"ன்னு சொல்லணும்.

ஜூன் 20

குளோராந்தாவை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு பலபேர் தனிச்செய்தி அனுப்புறீங்க, இங்கயே சொல்லிடுறேன். விதிப் புத்தகத்துல கை வைக்காதீங்க, மலைச்சுப் போயிடுவீங்க. 1999-ல வந்த கிங் ஆஃப் டிராகன் பாஸ் கணினி விளையாட்டு போதும், இப்ப போன்லயும் கிடைக்குது. ஒரு ஒர்லாந்தி குலத்தை வருஷக்கணக்கா நடத்தணும். மாடுதான் சொத்து, மாடுதான் அபராதம், மாடுதான் பலி. தெய்வங்களுக்குத் தாராளமா மாடு கொடுத்துட்டுக் குளிர்காலத்துல குலத்தைப் பட்டினி போட்ட அனுபவம் எனக்கு உண்டு. சிக்கனமாக் கொடுத்துட்டுத் தெய்வம் திரும்பியே பார்க்காத அனுபவமும் உண்டு. படிக்க நிறைய எழுத்து இருக்கும், அவசரக்காரங்களுக்கு ஆகாது. முதல் ஆட்டத்துல குலம் அழிஞ்சா பரவாயில்லை, மறுபடி ஆரம்பிங்க. பக்கத்துக் குலத்து மாட்டைத் திருடுறது தப்பில்லை, அந்த ஊர்ல அது விளையாட்டு மாதிரி. ஆனா அடிக்கடி போகாதீங்க, அவங்களும் வருவாங்க.